வாசகர் கேள்வி – பதில்: வாடகைக்கு எடுக்குமுன் கப்பலை எப்படிப் பார்ப்பது?

பிறருடைய கப்பலைச் சரக்குக்காகச் சார்ட்டர் எடுப்பவர்கள், எடுக்குமுன் அதன் பாதுகாப்பை எடைபோடுவதைத்தான் இத்தொழிலில் வெட்டிங் என்கிறார்கள். அது குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். பெரும்பாலானவை நிலக்கரி, தாது, உரம் ஏற்றும் பல்க் கேரியர்களைப் பற்றியவை.

கேள்வி: இந்தோனேசியாவின் கலிமந்தானிலிருந்து 50,000 டன் நிலக்கரி கொண்டுவர புரோக்கர் ஒரு கப்பலைக் காட்டியிருக்கிறார். சான்றிதழ்கள் எல்லாம் செல்லுபடியில் இருக்கின்றன. கட்டாக அனுப்பியும் விட்டார். முடிவு சொல்ல இரண்டு நாள் அவகாசம். சான்றிதழே இருக்கும்போது வெட்டிங் என்று தனியாக என்ன பார்ப்பது? எந்த வரிசையில் பார்ப்பது?
— நிலக்கரி இறக்குமதியாளர், தூத்துக்குடி

சர்வேயர் கப்பலில் ஏறிய அன்று அது எப்படி இருந்தது என்பதைச் சான்றிதழ் சொல்லும். அதற்குப் பிறகு அதை யார், எப்படி ஓட்டினார்கள் என்பதைச் சொல்லாது. 1999 டிசம்பர் 12 அன்று பிரான்சின் பிரிட்டானி கரைக்கு அப்பால் இரண்டாக முறிந்த எரிகா டேங்கரின் சான்றிதழ்களும் செல்லுபடியில்தான் இருந்தன. 1975-இல் கட்டிய அந்தக் கப்பல் சுமார் 31,000 டன் கனரக எரியெண்ணெயை ஏற்றி வந்தது. கிட்டத்தட்ட 20,000 டன் கடலில் கலந்தது. வழக்கு உரிமையாளரோடு நிற்கவில்லை. சரக்குக்காகக் கப்பலை எடுத்த டோட்டல் நிறுவனம் தன் வெட்டிங்கில் கவனக்குறைவாக இருந்தது, கப்பலின் வயதையும் பராமரிப்பில் தொடர்ச்சி இல்லாததையும் கணக்கில் எடுக்கவில்லை என்று 2008-இல் பாரிஸ் நீதிமன்றம் 3,75,000 யூரோ அபராதம் விதித்தது. 2012-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 'கப்பல் எங்களுடையது இல்லையே' என்று இனி சுலபமாகக் கைகழுவ முடியாது.

இரண்டு நாள் போதும், வரிசை தப்பாமல் இருந்தால். முதல் வேலை, கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண்ணைச் சரிபார்ப்பது. பெயர் மாறும், கொடி (பதிவு செய்த நாடு) மாறும், ஓனர் மாறுவார். இந்த எண் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணுக்கு 63, 0, 35, 16, 21, 4 என்று வரும், கூட்டினால் 139, கடைசி 9 பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் தட்டச்சுப் பிழையா, வேறு விவகாரமா என்று புரோக்கரிடம் தெளிவாக்கிக்கொண்டு மேலே போங்கள்.

அடுத்தது ஈக்வாசிஸ். எரிகா விபத்துக்குப் பிறகு பிரான்சும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து 2000-இல் திறந்த கப்பல் தகவல் தொகுப்பு இது. பெயரைப் பதிந்தால் போதும், கட்டணம் இல்லை. அதில் பலரும் கப்பலின் வயதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் நிறுவனம் யார், எந்தத் தேதியிலிருந்து என்பதை. ஐஎஸ்எம் என்ற பன்னாட்டுப் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பின்படி 'டாக்குமென்ட் ஆஃப் கம்ப்ளையன்ஸ்' யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கப்பலை உண்மையில் நடத்துபவர். வாடகை வாங்கும் ஓனர் பல நேரம் ஒற்றைக் கப்பல் வைத்திருக்கும் காகித நிறுவனம். மூன்று ஆண்டில் மூன்று மேனேஜர், இரண்டு கொடி, ஒரு கிளாஸ் (கப்பலின் கட்டமைப்பைச் சோதித்துச் சான்று தரும் சங்கம்) மாற்றம் என்று வரலாறு இருந்தால் காரணம் கேளுங்கள். விற்பனை என்று பதில் வந்தால் விற்ற தேதியோடு ஒத்துப்பாருங்கள்.

புரோக்கர் அனுப்பிய கட்டில் 'இன்டரிம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். கப்பலுக்கான இடைக்காலப் பாதுகாப்பு நிர்வாகச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். நிறுவனத்துக்கான இடைக்காலச் சான்று அதிகபட்சம் 12 மாதம். அது செல்லுபடியான சான்றுதான், தவறே இல்லை. ஆனால் கப்பல் கைமாறி மாதங்கள்தான் ஆகின்றன, புதிய ஆட்கள் இன்னும் அதைப் படித்து முடிக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

மூன்றாவதாகக் காப்பீடு. பன்னாட்டுக் குழுவில் இருக்கும் 12 பி அண்ட் ஐ கிளப்புகளின் (கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கங்கள்) தளங்களில் கப்பல் பெயரையோ ஐஎம்ஓ எண்ணையோ போட்டால் கப்பல் அவர்களிடம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கையில் இருக்கும் சான்றிதழின் நகலை மட்டும் நம்பாதீர்கள். 2009 செப்டம்பரில் பாரதீப்புக்கு அப்பால் இரும்புத் தாதுவோடு மூழ்கிய மங்கோலியக் கொடிக் கப்பல் பிளாக் ரோஸின் காப்பீட்டுப் பத்திரம் போலி என்பது மூழ்கிய பிறகுதான் வெளிவந்தது. இன்னொரு நுணுக்கம்: இந்தக் கிளப்புகளின் ஆண்டு பிப்ரவரி 20 நண்பகலில் முடிகிறது. ஜனவரி கடைசியில் எடுத்து மார்ச்சில் இறக்கப் போகும் கப்பல் என்றால் புதுப்பித்தலுக்கு எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, கிளாஸ் நிலை அறிக்கை. கிளாஸ் சான்றிதழ் வேறு, இது வேறு, கேட்டால்தான் தருவார்கள். சங்கத்தின் கணினியிலிருந்து எடுத்த தேதி அறிக்கையின் தலைப்பில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். 'கண்டிஷன் ஆஃப் கிளாஸ்' (கெடுவுக்குள் சரிசெய்யச் சங்கம் விதித்த நிபந்தனை) என்று நிலுவையில் ஏதாவது இருந்தால் அதன் கெடுதேதி உங்கள் பயணத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அதன்கீழே 'மெமோராண்டா' என்று சாதுவாக ஒரு பகுதி இருக்கும். பாலாஸ்ட் தொட்டியின் (கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) பூச்சு 'புவர்' (மோசம்), ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பது போன்ற வரிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எங்களைக் கேட்டால், அந்த அறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

இவை அத்தனையும் ஃபிக்ஸ்சரில் (கப்பலை எடுக்கும் பேரத்தில்) இருக்கும் 'சப்ஜெக்ட்' (முன்நிபந்தனை) நீக்குமுன் முடிந்திருக்க வேண்டும். சப்ஜெக்ட் எடுத்துவிட்டால் ஒப்பந்தம் உங்களைக் கட்டிவிட்டது. அதன்பின் 'கப்பல் சரியில்லை' என்று சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் செலவும் உங்கள் தலையில். 'சார்ட்டரரின் வெட்டிங் ஒப்புதலுக்கு உட்பட்டு' என்ற வரி நிபந்தனைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் மின்னஞ்சலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ரைட்ஷிப் மதிப்பெண் 2 என்று வந்த கப்பலை எங்கள் மேலாளர் உடனே தள்ளிவிட்டார். புரோக்கரோ, அது கப்பலின் குற்றமே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
— சரக்கு ஏற்பாட்டு அலுவலர், சென்னை

இருவரும் பாதி சரி. ரைட்ஷிப்பை 2001-இல் பிஎச்பி, ரியோ டின்டோ என்ற இரண்டு சுரங்க நிறுவனங்கள் தங்கள் தாதுவைச் சுமக்கும் கப்பல்களை எடைபோடத் தொடங்கின. பிறகு கார்கிலும் சேர்ந்தது. முன்பு நட்சத்திரம் கொடுத்தார்கள், இப்போது 5-க்கு மதிப்பெண். இதில் கப்பலின் சொந்த விபத்து, துறைமுகச் சோதனை வரலாறு மட்டுமல்லாமல் கொடி, கிளாஸ், நிர்வாக நிறுவனம் ஆகியவற்றின் தரமும் சேர்ந்தே வரும். அதே மேனேஜரின் வேறு கப்பல்கள் மோசமாக இருந்தால் உங்கள் கப்பலின் மதிப்பெண்ணும் இறங்கும். புரோக்கர் சொன்னது அதைத்தான். ஆனால் அதே ஆட்கள், அதே உதிரிபாக வரவுசெலவு, அதே கண்காணிப்பாளர் என்றால் அந்த இறக்கத்தை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது.

மதிப்பெண் ஏன் இறங்கியது என்று கேட்பதுதான் பயனுள்ள வழி. சமீபத்திய விபத்து ஒன்று இன்னும் மூடப்படாமல் இருக்கலாம். ஓனர் விசாரணை அறிக்கையும் திருத்த நடவடிக்கையும் கொடுத்தால் நிலை மாறும். அப்படிக் கொடுக்க மறுக்கும் ஓனரை விட்டுவிடுவதே நல்லது.

மொத்தச் சரக்குக் கப்பல் குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் ரைட்ஷிப்பின் நேரடிச் சோதனையும் தேவைப்படும். வெகுகாலம் 14 என்றிருந்த அந்த வரம்பை இறக்கி வருகிறார்கள். டேங்கருக்கு வழி வேறு: எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஓசிஐஎம்எஃப் 1993 முதல் நடத்தும் சைர் சோதனை அறிக்கைகளை வாங்கிப் படிக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது சைர் 2.0. அதில் கருவிகளோடு ஆட்களையும் நடைமுறையையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

கேள்வி: 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 28 வயதுக் கப்பல் மூழ்கியதிலிருந்து, 15 வயதுக்கு மேல் எந்தக் கப்பலும் வேண்டாம் என்று எங்கள் நிறுவனத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். இது போதுமா?
— தளவாட மேலாளர், கோயம்புத்தூர்

எளிய விதி, அதனால் பிடித்துப்போகும். ஆனால் இது தவறான இடத்தில் கோடு போடுகிறது. கப்பலுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சிறப்பு சர்வே. மூன்றாவது சிறப்பு சர்வே 15 வயதில் வருகிறது. எஃகுத் தகடுகளின் தடிமனை விரிவாக அளந்து, தேய்ந்தவற்றை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டியிருப்பதால் செலவு கனமாக இருக்கும். அதற்குமுன் விற்றுவிட நினைக்கும் ஓனர் 14-ஆவது வயதில் ஒரு பைசா போடமாட்டார். டிரைடாக்கிலிருந்து (கப்பலை நீரைவிட்டு ஏற்றிப் பழுதுபார்க்கும் இடம்) அப்போதுதான் இறங்கிய 15½ வயதுக் கப்பலைவிட, டாக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் 14½ வயதுக் கப்பல் பல நேரம் மோசம். உங்கள் விதி முன்னதைத் தள்ளிப் பின்னதை எடுக்கச் சொல்கிறது.

வயதோடு இரண்டு தேதிகளையும் கேளுங்கள்: கடைசியாக டிரைடாக் ஏறியது எப்போது, அடுத்த சிறப்பு அல்லது இடைநிலை சர்வே எப்போது. பல்க் கேரியர் 15 வயது தாண்டிவிட்டால் இடைநிலை சர்வேயும் முந்தைய சிறப்பு சர்வேயின் அளவுக்கு நடக்க வேண்டும், டாக்கிலும் ஏற்ற வேண்டும். முக்குளிப்பவரை இறக்கி அடிப்பாகத்தைப் பார்த்து முடித்துவிட முடியாது. தடிமன் அளவு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அனுமதித்த தேய்மானத்தில் 75 சதவீதத்தைத் தாண்டிய இடங்களை அதில் 'சப்ஸ்டான்ஷியல் கரோஷன்' என்று குறித்திருப்பார்கள். அந்த இடங்கள் எந்த ஹோல்டில் (சரக்கு அறையில்), எந்தத் தொட்டியில் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துப்பாருங்கள். ஆங்காங்கே சிதறியிருந்தால் சாதாரணத் தேய்மானம். பக்கவாட்டு ஃபிரேம்களின் கீழ்முனையிலும் பாலாஸ்ட் தொட்டி ஒட்டிய தகடுகளிலும் குவிந்திருந்தால் பூச்சுப் பராமரிப்பே நடக்கவில்லை.

இன்னொரு கேள்வி, கப்பல் முதலில் எந்த வேலைக்குக் கட்டப்பட்டது என்பது. 2017 மார்ச் 31 அன்று தென் அட்லாண்டிக்கில் மூழ்கிய ஸ்டெல்லர் டெய்சி 1993-இல் எண்ணெய் டேங்கராகக் கட்டப்பட்டு, பிறகு தாதுக் கப்பலாக மாற்றப்பட்டது. பிரேசிலிலிருந்து சீனாவுக்கு 2,60,000 டன் இரும்புத் தாது ஏற்றிப் போனது. 24 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். மாற்றிக் கட்டிய கப்பல் என்றால் அதை எங்கள் பட்டியலில் வயதுக்கும் மேலே வைப்போம்.

கேள்வி: கப்பல் இப்போது முந்தைய துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சர்வேயரை ஏற்றிப் பார்க்க ஓனர் சம்மதித்துவிட்டார். ஒரு நாள்தான் கிடைக்கும். எதைக் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும்?
— உர இறக்குமதி நிறுவனம், காக்கிநாடா

உரம் என்பதால் ஹேட்ச் கவரில் (சரக்கு அறையின் மேல்மூடியில்) பாதி நாளைச் செலவழிக்கச் சொல்லுங்கள். யூரியாவில் தண்ணீர் பட்டால் இறக்கும்போது கட்டி கட்டியாக வரும்.

ஹேட்ச் கவரில் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை. ரப்பருக்கு அப்புறம் வரலாம். மூடியின் எடையைத் தாங்குவது லேண்டிங் பேட்கள். ரப்பர் கேஸ்கெட்டின் வேலை தண்ணீரைத் தடுப்பது மட்டுமே. பேட்கள் தேய்ந்துவிட்டால் மூடி கீழே இறங்கி ரப்பரை நசுக்கும். புது ரப்பர் போட்டாலும் சில பயணங்களிலேயே செத்துவிடும், ஓனர் மறுபடி ரப்பரை மாற்றுவார், கசிவு நிற்காது. ரப்பரில் கம்ப்ரெஷன் பார் (ரப்பரை அழுத்தும் இரும்புப் பட்டை) பதிந்த தடம், மூடியைத் திறந்த பிறகும் ஆழமாக அப்படியே நின்றால் அதில் உயிரில்லை. ரப்பர்மேல் பெயின்ட் பட்டு இறுகியிருக்கிறதா, இடையில் சாண் நீளத்துண்டுகளை ஒட்டிச் சமாளித்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிகள் சேரும் குறுக்கு இணைப்பில் பழைய ஒட்டுநாடாவின் கறுப்புப் பிசின் தென்பட்டால், அந்த இடம் ஒழுகும் என்பது மாலுமிகளுக்கு முன்பே தெரியும்.

கம்ப்ரெஷன் பார் நேராக இருக்க வேண்டும். நிலக்கரி அள்ளும் கிராப் மோதிய இடத்தில் அது வளைந்திருக்கும். அதன் பக்கத்தில் ஓடும் வடிகால் பள்ளத்தில் பழைய சரக்கு அடைத்திருந்தால் ரப்பரைத் தாண்டி வந்த தண்ணீர் வெளியே போகாமல் ஹோல்டுக்குள் இறங்கும். வடிகால் குழாயின் முனையில் உள்ள ஒருவழி வால்வைக் கழற்றி உள்ளே பந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கப்பல்களில் பந்தே இருக்காது.

சோதனைக்கு அல்ட்ராசானிக் முறையைக் கேளுங்கள். ஒலி அனுப்பும் கருவியை ஹோல்டுக்குள் வைத்து, மூடி திறந்திருக்கும்போது வரும் அளவை முதலில் எடுப்பார்கள். பிறகு மூடி, கிளீட்டுகளை (மூடியை இறுக்கும் பூட்டுகளை) மாட்டி, இணைப்பு நெடுக அளப்பார்கள். எந்த இடத்திலும் திறந்த அளவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரக்கு உள்ளே இருந்தாலும் இதைச் செய்யலாம். தண்ணீர் பீய்ச்சும் சோதனை மலிவு, ஆனால் காலி ஹோல்டில்தான் முடியும். முனை குறைந்தது 12 மில்லிமீட்டர், அழுத்தம் குறைந்தது 2 பார், தூரம் 1½ மீட்டருக்குள் என்று கணக்கு. தளத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நாலு மீட்டர் தள்ளி நின்று தெளித்துவிட்டு 'பாஸ்' எழுதும் அறிக்கைகளும் உண்டு. தூரமும் அழுத்தமும் அறிக்கையில் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாக்பீஸ் தடவிப் பார்ப்பது ரப்பர் படுகிறதா என்பதைக் காட்டும், தண்ணீர் புகாதா என்பதைக் காட்டாது.

ஹோல்டுக்குள் இறங்கியதும் நீர்மட்ட உணரிகளைச் சோதிக்க வேண்டும். ஒன்று தரையிலிருந்து அரை மீட்டரில் மணி அடிக்க வேண்டும். மற்றொன்று ஹோல்டு உயரத்தில் 15 சதவீதத்தில், ஆனால் 2 மீட்டருக்கு மேல் போகாமல். பில்ஜ் கிணறுகளை (ஹோல்டின் அடியில் நீர் சேரும் குழிகளை) திறந்து பாருங்கள். முன்தளத்தின் காற்றுக் குழாய்த் தலைகள், வென்டிலேட்டர்கள், ஸ்டோர் அறையின் மூடி மூன்றையும் தவிர்க்கவே கூடாது. 1980-இல் ஒகினாவாவுக்கு அப்பால் சூறாவளியில் 44 பேரோடு மூழ்கிய பிரிட்டன் கப்பல் டெர்பிஷயரில், முன்தளத்துக் குழாய்கள் சேதமாகி அவ்வழியே தண்ணீர் புகுந்து முகப்பு தாழ்ந்ததும், அதன்பின் முதல் ஹேட்ச் கவர் உடைந்ததும் மறுவிசாரணையில்தான் தெளிவானது.

மீதி நேரத்துக்கு இன்ஜின் அறை. எமர்ஜென்சி ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காட்டினால் போதாது. மின்சாரத்தைத் துண்டித்து, 45 வினாடிக்குள் அது தானாக ஏறி விளக்கெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எமர்ஜென்சி ஃபயர் பம்ப்பைப் போட்டுத் தளத்தில் இரண்டு குழாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வரவேண்டும். எரியெண்ணெய்த் தொட்டிகளின் குவிக் க்ளோசிங் வால்வுகளை (தீப்பிடித்தால் எண்ணெயை உடனே நிறுத்துபவை) மூட முடியாதபடி கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் தலைமைப் பொறியாளரைப் பற்றி ஒரு பக்க அறிக்கை எழுதத் தேவையில்லை.

கேள்வி: இரும்புத் தாதுத் தூள், பாக்சைட் கேள்விப்படும்போதெல்லாம் கப்பல் கவிழ்ந்தது என்கிறார்கள். நல்ல கப்பலை எடுத்தால் இந்த ஆபத்து போய்விடாதா?
— வாசகர், மங்களூரு

போகாது. பல்க் ஜூபிடர் 2006-இல் கட்டிய நல்ல கப்பல். மலேசியாவின் குவாந்தானில் 46,400 டன் பாக்சைட் ஏற்றி, 2015 ஜனவரி 2 அன்று வியட்நாமுக்கு அப்பால் கவிழ்ந்தது. 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். கனமழையில் ஏற்றிய சரக்கு. ஈரம் சராசரி 21 சதவீதத்துக்கு மேல். அப்போது கப்பலில் மொத்தச் சரக்கு ஏற்றுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பில் அந்தச் சரக்குக்கு இருந்த விவரிப்போ 10 சதவீதம்வரைதான். நம் கடலிலும் 2009 மழைக்காலத்தில் ஏஷியன் ஃபாரஸ்ட் மங்களூருக்கு அப்பாலும், பிளாக் ரோஸ் பாரதீப்புக்கு அப்பாலும் இரும்புத் தாதுத் தூளோடு மூழ்கிப் போயின.

ஈரம் மிகுந்த தூள், கப்பல் ஆட்ட ஆட்ட இறுகி, நடுவிலிருந்த தண்ணீருக்குப் போக இடமில்லாமல், குவியலே குழம்பாகிவிடும். ஒரு பக்கம் சாய்ந்தால் திரும்பி வராது. கப்பலின் வெட்டிங்கோடு சரக்கின் வெட்டிங்கும் வேண்டும் என்பது இதனால்தான். ஏற்றுமதியாளரிடம் கொண்டுபோகத்தக்க ஈர வரம்பின் சான்றும், ஏற்றும்போது உள்ள உண்மையான ஈரத்தின் சான்றும் கேளுங்கள். வரம்புக்கான சோதனை ஆறு மாதத்துக்குள், ஈரச் சோதனை ஏற்றுவதற்கு ஏழு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். நடுவில் மழை பெய்தால் திறந்த குவியலுக்கு ஈரச் சோதனையை மறுபடி எடுக்க வேண்டும்.

கப்பல் தளத்தில் கேப்டன் செய்யக்கூடியது டப்பாச் சோதனை: அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் டப்பாவில் பாதி சரக்கைப் போட்டு, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் ஓங்கி 25 முறை, ஒன்றிரண்டு வினாடி இடைவெளியில் அடிப்பது. மேலே ஈரம் மினுங்கினால் ஏற்றாதீர்கள். மினுங்காவிட்டால் பாதுகாப்பு என்று பொருளில்லை. ஆய்வகச் சான்றுக்கு இது மாற்றாகாது. சரக்கை நிறுத்த கேப்டனுக்கு இருக்கும் உரிமையைச் சார்ட்டர் ஒப்பந்தத்தில் எந்த வரியும் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறதே என்று அவரை நெருக்குவது சார்ட்டரர் பக்கத்து ஆட்கள்தான்.

கேள்வி: இந்தோனேசிய நிலக்கரி வழியிலேயே புகைந்து வருகிறது. வெட்டிங்கில் இதற்கு என்ன கேட்கலாம்?
— துறைமுக ஏஜென்ட், எண்ணூர்

மூன்றே கேள்வி. மீத்தேன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் அளக்கும் கருவி கப்பலில் இருக்கிறதா, அதன் அளவுதிருத்தச் சான்று எப்போதையது? மூடியைத் திறக்காமல் ஹோல்டுக்குள்ளிருந்து காற்றை எடுக்கும் மாதிரித் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா? ஏற்றும்போது சரக்கின் வெப்பத்தை யார் அளக்கப் போகிறார்கள்? 55 டிகிரி செல்சியசைத் தாண்டிய கரியை ஏற்றக் கூடாது. கரியைக் கப்பலுக்குக் கொண்டுவரும் தட்டைப் படகுகளை, பார்ஜ் பார்ஜாக அளந்தால்தான் தெரியும். பயணத்தில் மோனாக்சைடு 50 பிபிஎம் தொட்டாலோ மூன்று நாள் தொடர்ந்து ஏறினாலோ கரி சூடேறுகிறது. அந்தப் பதிவேட்டைக் கப்பலின் முந்தைய நிலக்கரிப் பயணத்துக்குக் கேட்டுப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் யாரும் அளக்கவில்லை.

கேள்வி: துறைமுகச் சோதனையில் பன்னிரண்டு குறைகள், தடுத்துவைப்பு இல்லை. இன்னொரு கப்பலில் மூன்றே குறைகள், ஆனால் தடுத்துவைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?
— கப்பல் மேலாண்மை மாணவர், சென்னை

எண்ணிக்கையை விட்டுவிட்டு எந்தக் குறைகள் என்று பாருங்கள். நடவடிக்கைக் குறியீடு 17 என்றால் புறப்படுமுன் சரிசெய்ய வேண்டும். 30 என்றால் தடுத்துவைக்கத்தக்க குறை. பன்னிரண்டில் ஒன்பது, வரைபடத்தில் திருத்தம் பதியாதது, பலகை மங்கியது என்று இருந்தால் பெரிய விஷயமில்லை. எங்கே சோதித்தார்கள் என்பதும் முக்கியம்: சோதனை கடுமையாக நடக்கும் ஆஸ்திரேலியாவில் வந்த மூன்று குறையும் வேறெங்கோ வந்த மூன்று குறையும் ஒரே எடையல்ல. ஒரே குறை அடுத்தடுத்த துறைமுகங்களில் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் தாளில் மட்டும் மூடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கப்பலை, தடுத்துவைப்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நாங்கள் பின்னுக்குத் தள்ளுவோம்.

கேள்வி: மாலுமிகளின் களைப்பு, சம்பளப் பாக்கி இவையெல்லாம் சார்ட்டரர் பார்க்கும் விஷயமா?
— வாசகி, திருநெல்வேலி

கப்பலை மோதவிடுவதும் மூடியைச் சரியாகப் பூட்டாமல் விடுவதும் களைத்த மனிதர்கள்தானே. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்பது விதி. எல்லாக் கப்பலும் அதை நிறைவேற்றியதாகவே பதிவேடு காட்டும். அதைத் துறைமுக நிகழ்வேட்டோடு வைத்துப் பாருங்கள். கப்பலை நள்ளிரவு 2 மணிக்குத் துறைமுகத்தில் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் பின்தளத்தில் கயிறு கட்டியிருக்க வேண்டிய இரண்டாம் அதிகாரி பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றால், மற்றப் பதிவேடுகளையும் அதே கண்ணால் படிக்க வேண்டியதுதான்.

சம்பளத்துக்கு, கடைசி இரண்டு மாத ஊதியச் சீட்டில் மாலுமிகளின் கையெழுத்தும் வங்கிப் பரிமாற்றமும் பார்க்கலாம். சம்பளம் தராத ஓனர் உதிரிபாகமும் வாங்கியிருக்க மாட்டார். அதோடு, பாக்கிக்காக நீதிமன்றம் கப்பலைச் சிறைபிடித்தால் உங்கள் சரக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு வருட டைம் சார்ட்டர் (காலக் கணக்கில் வாடகை). தொடக்கத்தில் வெட்டிங் தேறிய கப்பல் ஐந்தாம் மாதம் தேறாமல் போனால் யார் பொறுப்பு?
— சார்ட்டரிங் அலுவலர், மும்பை

ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்களோ அதுதான். 'ரைட்ஷிப் அப்ரூவ்டு' என்று பழைய வாசகத்தை அப்படியே ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதிப்பெண் முறை வந்த பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவது கடினம். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்று எண்ணாக எழுதுங்கள். ஒப்படைக்கும் நாளில் மட்டுமல்ல, 'சார்ட்டர் காலம் முழுவதும்' என்ற சொற்கள் இருக்கட்டும். தேறாமல் போனால் மறுசோதனையை ஓனர் தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் இழந்த நேரம் ஆஃப்-ஹயர் (வாடகை இல்லாத நேரம்), 30 நாளுக்குள் சரியாகாவிட்டால் கப்பலைத் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு என்று மூன்றையும் சேருங்கள்.

ஓனர் தரப்பு இதை எதிர்க்கும், காரணமும் உண்டு: மேனேஜரின் வேறொரு கப்பல் செய்த விபத்தால் இந்தக் கப்பலின் மதிப்பெண் இறங்கலாம். அந்த நிலைக்கு மட்டும் 60 நாள் என்று விட்டுக்கொடுத்தால் பேச்சு முடியும். கப்பலில் மீதமிருக்கும் எரியெண்ணெயை அன்றைய சந்தை விலைக்கு எடுப்பதா, ஒப்பந்த விலைக்கு எடுப்பதா என்பதையும் அதே பிரிவில் எழுதிவிடுங்கள். திருப்பித் தரும் நாளில் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.